நீ, நீங்க, அப்புறம் ஒரு "ஸ்"

எல்லாருக்கும் வணக்கம். அயல்நாட்டு இலக்கியம் வழியா அந்த ஊர் விழுமியங்களைத் தெரிஞ்சுக்கறதுன்னு தலைப்பு குடுத்துட்டாங்க. விழுமியம்னு ஆரம்பிச்சா எனக்கே தூக்கம் வந்துடும், அதனால ஒரே ஒரு குட்டிக் கதையைப் பத்தி மட்டும் பேசிட்டு இறங்கிடறேன். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1883-ல எழுதினது, குண்டனும் ஒல்லியும்னு பேரு, ரெண்டு மூணு பக்கம்தான் வரும்.

ரயில்வே ஸ்டேஷன்ல கூடப் படிச்ச ரெண்டு பேர் பல வருஷம் கழிச்சு பாத்துக்கறாங்க. கட்டிப்பிடிச்சு மூணு தடவை முத்தம் குடுத்து கண்ணுல தண்ணியே வந்துடுது. ஒல்லி வாய் ஓயாம பேசறான், பொண்டாட்டியை சொன்னதையே திரும்பச் சொல்லி அறிமுகப்படுத்தறான், சம்பளம் பத்தலடா, மரத்துல சிகரெட் பெட்டி செஞ்சு ஒண்ணு ஒரு ரூபிள்னு விக்கறேன், பத்தோ அதுக்கு மேலயோ எடுத்தா குறைச்சுக் குடுப்பேன்னு எல்லாத்தையும் கொட்டறான். இவன் அரசாங்கத்துல எட்டாம் படி அதிகாரி, அங்க நம்பர் குறையக் குறைய பதவி பெரிசு. நீ அஞ்சாம் படிக்கு வந்திருப்பியேடான்னு கேக்கறான். இல்லப்பா இன்னும் மேல, மூணாம் படி, ரெண்டு ஸ்டார் பதக்கம் வாங்கிட்டேன்னு குண்டன் சாதாரணமா சொல்றான்.

அவ்ளோதான். ஒல்லி வெளுத்துப் போய் கல்லா நிக்கறான், அப்புறம் கூனிக் குறுகறான், அவனோட பெட்டி மூட்டையெல்லாம்கூட சுருங்கிப் போச்சுன்னு எழுதறார் செகாவ். ஸ்கூல்ல படிக்கற பையன் நஃபனாயில், அதுவரைக்கும் அப்பா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டிருந்தவன், அட்டென்ஷன்ல நின்னு யூனிஃபார்ம் பட்டனை எல்லாம் போட்டுக்கறான். யாரும் அவனைப் போடச் சொல்லல.

இந்தப் படிங்க சும்மா இல்ல, பேரரசர் முதலாம் பீட்டர் 1722-ல போட்ட சட்டம், மொத்தம் 14 படி, ஒவ்வொரு படிக்கும் எப்படிக் கூப்பிடணும்னு தனித்தனி பட்டம் உண்டு, 1917 வரைக்கும் இருந்துச்சு. கதை முழுக்க இது ஓடுது, ஆனா கதைக்குள்ள யாரும் விளக்க மாட்டாங்க, அவங்களுக்கு அது காத்து மாதிரி.

நான் இதை முதல்ல இங்கிலீஷ்ல படிச்சேன், நல்ல ஜோக்னு நெனச்சு பக்கத்தைத் திருப்பிட்டேன். விஷயம் என்னன்னா இங்கிலீஷ்ல நீயும் நீங்களும் ஒரே வார்த்தை. ரஷ்யன்ல நம்மள மாதிரியே ரெண்டு இருக்கு, "தி", "வி". ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் "தி"ன்னு பேசிட்டிருந்த ஒல்லி சட்டுனு "வி"க்கு மாறிடறான், கதையோட முதுகெலும்பே அதான். அதோட நிக்கல, வார்த்தை வாலுல ஒரு "ஸ்" ஒட்டறான். ரஷ்யன்ல சுதார்னா ஐயான்னு அர்த்தம், அதோட மிச்சம்தான் அந்த ஸ். நாம ஆமாங்க, இல்லீங்கன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அதுதான். கொடுமை என்னன்னா அவன் சிரிப்புக்கே அதை ஒட்டறான், ஹிஹி-ஸ். ஹிஹிங்கன்னு ஒருத்தன் பழைய கூட்டாளிகிட்ட சிரிச்சா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க! இந்த இடத்துல தமிழ்ல படிக்கறவனுக்கு சுருக்குன்னு தைக்கும், நீ-நீங்க கணக்கு தெரிஞ்சவன்தானே.

இன்னொன்னு. 1883-ல வந்த முதல் வடிவத்துல குண்டன்தான் ஒல்லிக்குப் புது மேலதிகாரி, அப்போ பயப்படறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1886-ல தொகுப்புல சேக்கும்போது செகாவ் அந்த உறவையே வெட்டிட்டார். இப்போ குண்டனால இவனுக்கு லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, ஆனாலும் குனியறான். என்னைக் கேட்டா மொத்தக் கதையிலயும் பெரிய வேலை அந்த வெட்டுதான்.

இதை வெச்சு ரஷ்யாக்காரங்க பதவிக்கு கும்பிடு போடறவங்கன்னு நானே கொஞ்ச நாள் முடிவு கட்டி வெச்சிருந்தேன், கூச்சமா இருக்கு இப்போ. ஏன்னா அந்தக் குண்டன் இருக்கான்ல, அட விடுடா, நமக்குள்ள என்னன்னு தடுத்துப் பாக்கறான், முடியல, ஒல்லி மூஞ்சியில வழியற பக்தியைப் பாத்து அவனுக்குக் குமட்டுது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு கையை நீட்டறான். குனியறவனும் அந்த ஊர்தான், குமட்டறவனும் அந்த ஊர்தான், எழுதினவரும் அதே ஊர்தான். செகாவோட தாத்தா பண்ணையடிமை, 1841-ல காசு கட்டித்தான் குடும்பத்தை மீட்டார், இவர் பொறந்தது 1860, அந்த அடிமை முறையை சட்டப்படி ஒழிச்சது அதுக்கு அடுத்த வருஷம். 1889-ல ஒரு கடிதத்துல எழுதறார், அடிமையோட மகன் ஒருத்தன் தனக்குள்ள இருக்கற அடிமையை சொட்டு சொட்டா பிழிஞ்சு வெளியேத்தறானே, அதைக் கதையா எழுதுங்கன்னு. சொந்தக் கதையைத்தான் சொல்றார்.

கடைசியா ஒண்ணு. 1917 புரட்சில பெட்ரோகிராட் சோவியத், அதாவது அப்போதைய தலைநகர்ல தொழிலாளிங்களும் சிப்பாய்ங்களும் சேர்ந்த சபை, ராணுவத்துக்குப் போட்ட முதல் உத்தரவு இருக்கு. ஆயுதம் யார் கைல இருக்கணும், கமிட்டி எப்படி அமைக்கணும்னு வரிசையா போயிட்டே இருந்து கடைசில, அதிகாரிங்களைப் பட்டம் சொல்லிக் கூப்பிடறது இனிமே கிடையாது, சிப்பாயை யாரும் "தி"ன்னு ஒருமைல பேசக்கூடாதுன்னு ஒரு வரி. துப்பாக்கிக்கு நடுவுல இலக்கணம் எங்க வந்துச்சுன்னு கேக்கத் தோணும். எனக்குத் தோணல, ஸ்டேஷன்ல அந்தப் பையன் ஒவ்வொரு பட்டனா போட்டுக்கிட்டு நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு.