அங்கவடியைக் கழட்டிட்டா நேரம் கடத்துறாங்கன்னு அர்த்தமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுலயே நின்னுடுச்சு. ஒரு அம்மா எழுதியிருக்காங்க: "பொண்ணுக்கு 13 வயசு. ஷோ ஜம்பிங், அதாவது குதிரையில கம்பம் தாண்டுறது, பண்ணணும்னுதான் குதிரையேற்றப் பள்ளியில சேர்ந்தா. 3 மாசமாச்சு, இன்னும் லஞ்ச் கயித்துல (வாத்தியார் நடுவுல நின்னு பிடிக்கிற நீளக் கயிறு) குதிரையை வட்டத்துலயே சுத்த விடறாங்க. இப்போ கால் ஊன்றுற அங்கவடியையும் கழட்டிட்டாங்க. பணத்தை வாங்கிட்டு நேரம் கடத்துறாங்களா?"

அம்மா, அந்த வாத்தியாரை விட்டுடாதீங்க. வியன்னாவுல ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி 450 வருஷத்துக்கு மேல நடக்குது. அங்க புதுசா சேர்றவங்களுக்கும் மாசக்கணக்குல இதே வேலைதான். லஞ்ச் கயிறு உண்டு. அங்கவடி கிடையாது, கையில லகானும் கிடையாது.

ஏன்னு கேட்டா, உங்க பொண்ணு குதிரை மேல தடுமாறுறப்போ கை எங்க போகுதுன்னு பாருங்க. நேரா லகானுக்குத்தான் போகும். லகானோட அடுத்த முனையில பிட், அதாவது குதிரை வாய்க்குள்ள இருக்கிற கடிவாளக் கம்பி. அது உக்காந்திருக்கிற இடம், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஈறு. மெல்லிசான சதை, கீழ உடனே எலும்பு. வட்டத்துல நடக்கிறப்போ அங்க ஒரு இழுப்பு விழுந்தா வலிக்கும், அவ்வளவுதான். தாண்டுறப்போ விழுந்தா வேற கதை. கம்பத்துக்கு மேல குதிரை கழுத்தை முன்னால நீட்டும், முதுகை வளைக்கும். அந்த நொடியில ஆள் பின்தங்கி லகான்ல தொங்கினா, அடுத்த தடவை அது தலையைத் தூக்கி, முதுகைக் குழிச்சுத் தாண்டும். பின்னங்கால் கம்பத்தைத் தட்டும். இன்னும் ரெண்டு தடவை ஆச்சுன்னா கம்பத்துக்கு முன்னாடியே நின்னுடும். உடனே "குதிரைக்குத் திமிரு"ன்னு சாட்டையைத் தேடுவாங்க.

அதனால கையை நம்பாம உடம்பு உக்காரப் பழகணும். அங்கவடி இருந்தா அதுல ஊன்றி, முட்டியால கவ்விச் சமாளிச்சுடுவாங்க; இடுப்பு வேலையே செய்யாது. முதல்ல சேணத்து முன்வாரைப் பிடிச்சுக்கலாம், அப்புறம் ஒரு விரல் மட்டும், அப்புறம் அதுவும் வேண்டாம். ஒரு பக்கம் 10 நிமிஷம், திருப்பி 10 நிமிஷம் போதும். சின்ன வட்டத்துல ரொம்ப நேரம் சுத்தினா குதிரை மூட்டுக்கு ஆகாது. இன்னொண்ணு: வாக்லயும் (நடை) கேன்டர்லயும் (தாவி ஓடுறது) குதிரைத் தலை ஆடும், கை கூடவே போகணும். ட்ராட்ல (துள்ளு நடை) தலை பெருசா ஆடாது, கையும் ஆடக் கூடாது. இது கைக்கு வர்றதுக்கு 3 மாசம் கம்மி.

தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு நான் எங்க வரேன்னு தெரிஞ்சிருக்கும். ஆமா, அதே பல்லவிதான்: அழுத்துறப்போ குதிரை கத்துக்கிறதில்ல, விடறப்போதான் கத்துக்குது. போன தடவை கால் உதவியை (காலால குடுக்குற சைகை) வெச்சுச் சொன்னேன், இப்போ தரையில நின்னே, குதிரையைப் பின்னால ஒரு அடி வைக்க வெச்சுப் பாருங்க. ஹால்டர் (பிட் இல்லாத தலைவார்) போட்டு, முன்னால கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு, கயித்தைக் குதிரையோட நெஞ்சுப் பக்கமா லேசா அழுத்துங்க. நகரலையா, மெதுவா கூட்டுங்க. வெட்டி இழுக்காதீங்க. எடை பின்னால சாயும், ஒரு முன்னங்கால் தூக்கும். தூக்கின உடனே விட்டுடுங்க, ஒரு அடி முடியட்டும்னு காத்திருக்காதீங்க. தலையைத் தூக்கினப்போ விட்டீங்கன்னா தலையைத் தூக்கத்தான் கத்துக் குடுத்திருக்கீங்க. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க.

சரி, அம்மா, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற கேள்வின்னு எனக்குத் தோணுது. அந்தக் குதிரைக்கு அடிப்படை போட்டிருக்காங்களா? நம்ம ஊர்ப் பள்ளிகள்ல நிறைய குதிரை பந்தயத்துல ஓடி ஓய்ஞ்ச தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம். ஓடுறப்போ ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார், குதிரை பிட்டுல சாஞ்சுதான் ஓடும். அதுக்கு இறுக்கம்னா "ஓடு". பயந்துபோன பிள்ளை இறுக்குது, குதிரை வேகமெடுக்குது, பிள்ளை இன்னும் இறுக்குது. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. யாராவது உக்காந்து அந்தக் குதிரைக்கு மறுபடியும் அகரத்திலிருந்து சொல்லிக் குடுத்திருக்கணும்.

அடுத்த வகுப்புல ஓரமா நின்னு கவனிங்க. ஏறுறப்போ யாரும் பிடிக்காம அசையாம நிக்குதா? ட்ராட்லேர்ந்து வாக்குக்கு வர்றப்போ வாயைப் பிளக்காம வருதா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புதா?

தாண்டுறதுக்கு முன்னாடி அடிப்படைங்கிறதுக்கு ஒரு உதாரணம்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல நம்ம நாட்டு வீரர் ஃபவாத் மிர்சா, மூணு கட்டக் குதிரைப் போட்டியான ஈவென்டிங்ல தனிநபர் வெள்ளி வாங்கினார். ஈவென்டிங்ல முதல் கட்டம் டிரஸ்ஸாஜ், குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டுறது; தாண்டவே மாட்டாங்க. திறந்த வெளியில தடை தாண்டி ஓடுற கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஜம்பிங்லயே கூட, காத்துல இருக்கிறது மொத்தமே சில விநாடி. மீதியெல்லாம் ஒரு தாவலுக்கு சுமார் 12 அடி தூரம் போற கேன்டர்.

பொண்ணுக்கு ஆசை தாங்கலைன்னா, தரையில 4 கம்பம் போடச் சொல்லுங்க. இடைவெளி 1.3 மீட்டர், குட்டைக் குதிரைன்னா கொஞ்சம் குறைச்சு. குதிரை கழுத்துல ஒரு வார் கட்டி, அதை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ட்ராட்ல போகட்டும். 10 தடவையும் தாளம் மாறாம, லகான் இறுகாம வந்தான்னா, முழங்கால் உயரத்துக்குக் குறுக்குக் கம்பம் வைக்கலாமான்னு வாத்தியாரைக் கேளுங்க. அடுத்து, லாடம் பத்தி ஒரு தம்பி கேட்டிருக்கார்...