முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வண்டி நல்லாத்தான் ஓடுது, ஏசி கூட ஜில்லுன்னு வருது, குரூஸ் கண்ட்ரோல் மட்டும் பிடிக்க மாட்டேங்குது. அப்படியே விட்டுடலாமா?" விடாதீர்கள் என்பதுதான் என் பதில். ஹூஸ்டனில் கிளம்பி ஐ-10 சாலையில் மேற்கே எல் பாசோ வரை போய்ப் பார்த்தவர்களுக்கு, ஆக்சிலரேட்டரில் ஒரே நிலையில் வைத்த கால் என்ன பாடு படும் என்று தெரியும். காலை எடுத்தாலும் வேகத்தை ஒரே சீராகப் பிடித்து வைக்கிற கருவிதான் குரூஸ். அந்தத் தூரத்துக்காகவே அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

நான் பேசப்போவது 1980-களின் கடைசியிலிருந்து 2000 வாக்கில் வரை வந்த ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் பிக்கப்களைப் பற்றி. இவற்றில் ரேடார் கிடையாது, கேமரா கிடையாது. ஸ்டியரிங்கில் அல்லது அதன் பக்கத்துக் கம்பியில் பொத்தான்கள், எஞ்சின் பக்கத்தில் த்ராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கிற அந்த வால்வை, கேபிள் போட்டு இழுக்கிற சர்வோ, வேகத்தைச் சொல்லும் சென்சார், பிரேக் பெடலில் ஒரு சுவிட்ச். பெரும்பாலும் அவ்வளவுதான். மின்சாரம் வருகிறதா என்று காட்டும் ஒரு டெஸ்ட் லைட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பழுதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நேராகப் பார்ட்ஸ் கடைக்குப் போய் சர்வோவை வாங்கிவிடுகிறார்கள். பணம் போனது, குரூஸ் வரவில்லை. ஏனென்றால் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது சர்வோ இல்லை. குரூஸ் கண்ட்ரோல் என்பது அனுமதி கேட்டுக் கேட்டு வேலை செய்கிற கருவி. பிரேக்கில் கால் இருக்கிறதா, கியர் வண்டியாக இருந்தால் கிளட்ச் அழுத்தியிருக்கிறதா, வேகம் மணிக்கு 25, 30 மைலைத் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொன்றையும் பார்க்கும். ஒரே ஒரு இடத்தில் சந்தேகம் வந்தாலும் பேசாமல் இருந்துவிடும். அது பேசாமல் இருப்பதைப் பழுது என்கிறோம். எந்த இடத்தில் அனுமதி நின்றுபோனது என்று தேடுவதுதான் நம் வேலை.

அதனால் முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள். இன்றைக்கு நான் சொல்வதில் வேறெதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

பிரேக்குக்கு ஏன் இத்தனை மரியாதை? இதற்கு இந்தக் கருவியின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இண்டியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1890-இல் பிறந்தவர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வை போய்விட்டது. அப்படியும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போர்க் காலத்தில் கடற்படைக் கப்பல்களின் டர்பைன் சுழலிகளைத் தராசுபோல் சமன்செய்வது பெரிய சிக்கலாக இருந்தபோது, அதை விரல் உணர்விலேயே தீர்த்துக் கொடுத்தவர் இவர். பிறகு பிஸ்டன் ரிங் செய்யும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவரானார். 1936-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கே தலைவராக இருந்தார்.

இவர் தன் வழக்கறிஞரின் காரில் அடிக்கடி போவார். அந்த வழக்கறிஞருக்கு ஒரு பழக்கம். தான் பேசும்போது வேகத்தைக் குறைப்பார், அடுத்தவர் பேசுவதைக் கேட்கும்போது கூட்டுவார். பக்கத்தில் இருப்பவருக்குக் கண் தெரியாது. வண்டியின் ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு தளர்வும் அவர் உடம்பில்தான் தெரியும். முன்னும் பின்னும் ஆடி ஆடி வந்தவருக்கு, வேகத்தை ஒரே சீராகப் பிடித்து வைக்க ஒரு கருவி வேண்டும் என்று தோன்றியதாம். போர்க்காலத்தில் பெட்ரோலையும் டயரையும் மிச்சப்படுத்த நாடு முழுக்க 35 மைல் வேகக் கட்டுப்பாடு வந்ததும் அந்த யோசனையை உறுதிப்படுத்தியது. 1945-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950-இல் கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் தன் உயர்ரகக் கார்களில் ஆட்டோ-பைலட் என்ற பெயரில் அதைப் பொருத்தியது. கார் ஓட்டவே முடியாத ஒருவர் செய்ததைத்தான் உலகம் முழுக்க ஓட்டுநர்கள் இன்றைக்கும் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேகத்தை ஓட்டுநரின் காலிடமிருந்து வாங்கி ஒரு கருவியிடம் கொடுத்தால், அதைத் திரும்ப வாங்கவும் உறுதியான வழி வேண்டும். அந்த வழிதான் பிரேக். அதனால்தான் பிரேக் பக்கத்தில் கொஞ்சம் கோளாறு என்றாலும் குரூஸ் படுத்துவிடுகிறது.

எப்படிப் பார்ப்பது? சாயங்காலம் வெளிச்சம் மங்கினதும் வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய் கராஜ் கதவுக்கு முன்னால் நிறுத்துங்கள். பார்க் விளக்கை அணைத்துவிட்டுப் பெடலில் இருந்து காலை முழுக்க எடுங்கள். கண்ணாடியில் பின்னால் பாருங்கள். கதவில் லேசாகச் சிவப்பு தெரிகிறதா? காலே வைக்காதபோது சிவப்பு தெரிந்தால், நீங்கள் பிரேக் அழுத்துகிறீர்கள் என்றே வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. கையைக் கீழே விட்டுப் பெடலை மேல்நோக்கி மெல்லத் தூக்குங்கள். சிவப்பு அணைந்தால் பழுது கையில் கிடைத்த மாதிரி. பெடல் சுவிட்ச் நகர்ந்திருக்கும், அல்லது பெடலில் அது முட்டுகிற சின்ன ரப்பர் கட்டை உடைந்து விழுந்திருக்கும். கால் வைக்கிற இடத்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், அந்த ரப்பர் துண்டு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. பெடலை அழுத்தியும் பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை என்றாலும் பல வண்டிகளில் குரூஸ் வராது. 1990-களின் பல ஃபோர்டு வண்டிகளில் குரூஸை நடத்துகிற மின்னணுப் பெட்டி, பிரேக் பல்பின் இழை வழியாகத்தான் மின்சுற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். யாராவது ஆசையாகப் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு போடுவார்கள். விளக்கு பளிச்சென்று எரியும், அன்றையிலிருந்து குரூஸ் வேலை செய்யாது. எல்இடி வழியாக அந்தப் பெட்டி எதிர்பார்க்கிற அளவு மின்சாரம் போவதில்லை. பழைய பல்பு ஒன்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பிரேக்கைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும், தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அந்தக் காலத்து ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் பெடலை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் குரூஸை நிறுத்துவதற்கென்றே இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதற்குள் இருக்கும் மெல்லிய தகடு விரிசல் விட்டால் பிரேக் ஆயில் மின்சாரப் பக்கம் கசியும். வண்டி நின்றிருந்தாலும் அந்த சுவிட்சுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால், அணைத்து நிறுத்தின வண்டிகள் தீப்பிடித்திருக்கின்றன. 1999-இல் தொடங்கி 2009 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் வண்டிகள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பிக்கப்களும் அதில் உண்டு. உங்கள் வண்டியும் அதில் இருக்கிறதா என்று தெரிய, விஐஎன் என்கிற வண்டியின் அடையாள எண்ணை அமெரிக்க மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் (NHTSA) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசு வேண்டாம். அந்த சுவிட்சின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஈரமோ பழுப்புக் கறையோ தெரிகிறதா? தெரிந்தால் அதைச் சரிசெய்யும்வரை வண்டியை வீட்டோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். குரூஸ் வராவிட்டால் கால்தான் வலிக்கும், இது அப்படியில்லை.

அடுத்தது வேக்குவம். பழைய சர்வோ பலவற்றை இழுப்பது மின்சாரம் இல்லை, எஞ்சினின் உறிஞ்சும் விசை. அதைக் கொண்டுவருகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், ஓட்டை விழுந்த ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவது மாதிரிதான். எஞ்சின் ஓடும்போது சர்வோவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி விரலால் மூடுங்கள், விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் ஹோஸ் வழியே பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். 1990-களின் டாட்ஜ் ராம் வைத்திருப்பவர்கள் பேட்டரித் தட்டுக்குக் கீழே பாருங்கள். சர்வோ அங்கேதான் இருக்கிறது, மேலேயிருந்து சொட்டும் ஆசிட் ஹோஸைத் தின்றுவிடும். கம்மின்ஸ் டீசல் என்றால் வேக்குவத்துக்குத் தனிப் பம்ப்பே உண்டு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சமவெளியில் குரூஸ் ஒழுங்காகப் பிடிக்கிறது, கெர்வில் தாண்டி மேடு ஏறும்போது மட்டும் வேகம் இறங்கிக்கொண்டே போகிறது என்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் அதிகம் திறக்கத் திறக்க வேக்குவம் குறையும். அந்த நேரத்துக்கென்று சேர்த்து வைக்க ஒரு சின்ன டப்பாவும், உள்ளே போனது திரும்பாமல் தடுக்க ஒருவழி வால்வும் இருக்கும். மேட்டில் வேகம் இறங்கினால் அந்த வால்வைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மலிவான பொருள்தான், மாற்றிவிடுங்கள்.

பிரேக் விளக்கு சரி, வேக்குவம் சரி, அப்புறமும் வரவில்லை என்றால் ஹாரனை அடித்துப் பாருங்கள். பொத்தான்கள் ஸ்டியரிங்கில் இருக்கும் வண்டியில் ஹாரனும் செத்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக்ஸ்பிரிங் என்ற நாடா அறுந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்ற ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்காமல் ஏர்பேக்கில் கை வைக்கவே கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வேக சென்சார் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாக முடிக்கிறேன். குரூஸ் பிடிக்கிறது, ஆனால் வேகம் ஏறி இறங்கி ஊசலாடுகிறது என்றால் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பாருங்கள். முள்ளும் சேர்ந்து துள்ளினால் கோளாறு வேக சென்சாரில், அல்லது அதன் கேபிளில். முள் நிதானமாக இருந்தால் சர்வோ கேபிளில் தொய்வு இருக்கலாம், அதை இறுக்கிப் பாருங்கள். இறுக்கின பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, த்ராட்டிலைக் கையால் திறந்து விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் டக்கென்று மூடிக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்காமல் சாலைக்கு எடுக்காதீர்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.