வளரும் ஊருக்கு நில விதிகள் வேலியே!

நடுவர் அவர்களுக்கும், என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், இந்தக் கொசுக்கடியிலும் எழுந்து போகாத உங்களுக்கும் வணக்கம்.

"வளரும் ஊருக்கு நில விதிகள் வேலியா, விலங்கா?" இதுதான் தலைப்பு. விலங்குதான் என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்தார் எதிரணித் தலைவர். அப்ரூவல் வாங்கிய மனை ஏழைக்கு எட்டாத விலை என்றார். அனுமதி கைக்கு வருவதற்குள் மகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும் என்றார். அப்புறம், அனுமதி வாங்கிய கட்டடமும் இடிந்துதானே விழுகிறது என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். இரண்டாவது சொன்னது உண்மை, என்ன செய்வது!

முதலில் அந்த ஏழைக்கு வருகிறேன். நடுவர் அவர்களே, அந்த ஏழை வேறு யாருமில்லை, என் சித்தப்பா. 2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முடிச்சூர் தாண்டி ஒரு வெட்டவெளி. நான்கு பக்கமும் கலர் கலராகக் கொடி, வெள்ளையடித்த கல், ஷாமியானா, பிரியாணிப் பொட்டலம். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் குலுக்கலில் அரை கிராம் தங்கக் காசு. நோட்டீஸில் 30 அடி ரோடு, பூங்கா, பிள்ளையார் கோயில் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளத்தன. கீழே ஒரு முத்திரை: 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'. சித்தப்பா அரை கிரவுண்டு வாங்கினார். சித்தியின் வளையல் போனது. தங்கக் காசும் விழவில்லை.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியது சென்னைப் பெருநகர் பகுதியில் சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். பஞ்சாயத்துத் தலைவர் தன் பாட்டுக்கு முத்திரை குத்தினால் அது செல்லாது. ஆனால் பத்திரம் பதிவானது. பதிவானால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நாம் நினைப்போம்? சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் வந்தது. அவர் வீட்டில் மார்பளவு. மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கீழே வந்தவரிடம் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "ஏரி ரொம்பினா கலங்கல்ல வழியற தண்ணி இந்தப் பக்கமாத்தானே தம்பி போகும்? மனை போடறப்பவே நினைச்சேன்." நினைத்தாராம்! அப்போதே சொல்லியிருக்கலாம். சித்தப்பா கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்தார். அவர் மனை இருக்கிற சர்வே எண் நஞ்சை. ஒட்டினாற்போல வாய்க்கால்.

எதிரணி நண்பர் ஒருவர் இந்த விதிகளெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப் போன சரக்கு என்றார். ஐயா, நத்தம், நஞ்சை, புஞ்சை, மேய்க்கால், களத்துமேடு, சுடுகாடு, இதெல்லாம் என்ன? மேட்டில் நத்தம், ஏரிக்குக் கீழே நஞ்சை. எங்கே குடியிருப்பது, எங்கே உழுவது, எங்கே மாடு மேய்ப்பது என்று ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கோடு அது. மந்தைவெளியில் இன்று மந்தை இல்லை, பேர் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். தியாகராய நகரே ஏரியைத் தூர்த்துக் கட்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், கேட்கத்தான் வேண்டும். அரசே செய்த தப்பு அது, நான் மறைக்கவில்லை. பள்ளிக்கரணையும் அப்படித்தான்: சதுப்பு நிலத்தைக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக மிஞ்சியதற்கு 2022-இல்தான் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் வந்தது. ஆட்டை மேய விட்டது வேலியின் குற்றமா, காவலுக்கு இருந்தவர் குற்றமா?

இடிந்து விழுந்த கட்டடத்தைப் பற்றி. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் போனார்கள். அனுமதி வாங்கிய கட்டடம்தான். அந்த 61 பேரை நினைத்தால் விதியைக் குறை என்றா கேட்கத் தோன்றுகிறது? எத்தனை மாடி, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்தவர்கள் தூண் தாங்குமா என்றும் பார்த்திருக்க வேண்டாமா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

தாமதம், லஞ்சம் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. அது ஆபீசின் வியாதி. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் வீடு கட்ட சுயசான்று போதும், ஆன்லைனிலேயே அனுமதி என்று கொண்டுவந்தார்கள். விதி அப்படியேதான் இருக்கிறது, அலைச்சல் குறைந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.

மலிவு மனைக்கு வருவோம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு விற்கலாமென்று பார்த்தால் விற்க முடியாது. பேங்கில் லோன் கேட்டால் 'அப்ரூவல் எங்கே?'. அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் இரண்டையும் கட்டினார். யார் கட்டியது? பிரியாணி போட்டவரா? இல்லை, சாப்பிட்டவர். போதாததற்கு, தண்ணீருக்குப் பயந்து வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கினார். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு மனை என்ன விலை என்று எதிரணித் தலைவரே சொல்லட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்தப் பூங்காவை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். முறைப்படி அனுமதி வாங்கினால் ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மனை விற்க முடியும். கொடுத்ததைத் திரும்ப விற்க முடியாது. சித்தப்பா தெருவில் அப்படி ஒரு பத்திரம் இல்லை. நோட்டீஸில் பச்சையடித்திருந்த இடம் இப்போது கதவு எண் 41. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து அந்த வீட்டுக்குள் விழுகிறது, வீட்டுக்காரர் கத்துகிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவரும் காசு கொடுத்துத்தானே பூங்காவை வாங்கியிருக்கிறார்?

நன்றி, வணக்கம்.