கல்நெஞ்சுக்குள் கலங்கும் பிள்ளைகள்

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

உடன் படிப்பவன் விரலைக் கதவிடுக்கில் நசுக்கிவிட்டு, அவன் அலறுவதைச் சலனமின்றிப் பார்த்து நிற்கும் பிள்ளையைக் கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிவிடுகிறோம். உளவியலார் இதனைப் பரிவற்ற, உணர்ச்சி மரத்த பண்பு என்பர். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்.-5, நடத்தைக் கோளாறுள்ள பிள்ளையிடம் குற்றவுணர்வின்மை, பிறர் துன்பத்தில் அக்கறையின்மை, படிப்பு முதலிய கடமைகளில் பொறுப்பின்மை, மேலோட்டமான உணர்ச்சி ஆகிய நான்கில் இரண்டேனும் 12 மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால் அதனைத் தனியே குறிக்கச் சொல்கிறது. அந்த நான்கில் அந்தப் பிள்ளையின் சொந்த அச்சத்தைப் பற்றியோ துயரத்தைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை என்பதே என் கவலை.

லண்டனில் ஒரு குழந்தை வழிகாட்டு நிலையத்துக்கு வந்த, திருட்டுப் பழக்கமுள்ள 44 பிள்ளைகளைப் பற்றி மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1944-இல் எழுதினார். அவர்களுள் 14 பேர் எவரிடமும் பாசம் ஒட்டாதவர்கள்; அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதிலேயே தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். பிள்ளைகளை மதிப்பிட்டவரும் முடிவு கண்டவரும் அவரே என்பதால் இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஆயினும் அலட்சிய முகத்துக்குப் பின்னால் ஆழங்காண முடியாத துயரம் கிடப்பதாக அவர் கண்டதைப் பின்வந்த ஆய்வுகள் வேறு வழியில் தொட்டிருக்கின்றன.

உளவியலாளர் ஈவா கிமோனிஸ் குழுவினர், காவலில் இருந்த பதின்வயதுச் சிறுவர்களுக்குக் கணினித் திரையில் துன்பக் காட்சிகளையும் சாதாரணக் காட்சிகளையும் அருகருகே காட்டி, கவனம் எந்தப் பக்கம் போகிறது என்று அளந்தார்கள். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இறுகியிருந்தவர்களுள், பதற்றம் குறைந்தவர்களின் கவனத்தைத் துன்பக் காட்சி அவ்வளவாக ஈர்க்கவில்லை. பதற்றம் மிகுந்தவர்களின் கவனமோ அதன் பக்கமே போயிற்று. இந்த இரண்டாம் வகையினரிடம் அடி, வன்கொடுமை, புறக்கணிப்பு ஆகியவற்றின் வரலாறு கூடுதலாகக் காணப்படுகிறது. உணராததால் அல்ல, தாங்க முடியாததால் மரத்துப்போனவர்கள் இவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

முதல் வகைப் பிள்ளையிடம் தண்டனை அவ்வளவாகப் பலிப்பதில்லை. பாராட்டும் பெற்றோரின் அரவணைப்புமே கூடுதலாக உதவுகின்றன. இரண்டாம் வகைப் பிள்ளைக்கோ, அவன் பட்ட காயத்துக்கே முதலில் சிகிச்சை வேண்டும். அவனைப் பிரம்பால் திருத்த முனைவது அதே காயத்தின் மீது மேலும் அடிப்பதாகும். ஆகவே, முரட்டுப் பிள்ளை என்று ஒருவனை ஆலோசகரிடம் அனுப்பும்போது, அவன் இரவில் உறங்குகிறானா, காரணமின்றி அடிக்கடி வயிற்றுவலி என்கிறானா, வீட்டில் யாரைக் கண்டு ஒதுங்குகிறான் என்பவற்றையும் எழுதி அனுப்புங்கள். உள்ளே புழுங்கும் வேதனை பெற்றோர் கண்ணுக்கும் ஆசிரியர் கண்ணுக்கும் எளிதில் படாது. ஆதலால் அந்தக் கேள்விகளைத் தனியிடத்தில், அவசரமின்றி, அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.