தங்கவயல் அல்ல, கோலார்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூர் அல்சூரில் நான் வளர்ந்த தெருவில் "கோலாருக்குப் போகிறேன்" என்று யார் சொன்னாலும் தங்கவயலுக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம். அங்கிருந்த தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடிய பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஆனால் மாவட்டத் தலைநகரான கோலார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓசகோட்டை தாண்டிப் போனால் பெங்களூரிலிருந்து 70 கிலோமீட்டர்தான்.

தங்கத்துக்காகத் தமிழர்கள் அங்கே போனது நேற்றைய கதை. கோலார் ஊரில் உள்ள கோலாரம்மா கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள், தமிழ்க் கல்வெட்டுகள்! செங்கல்லாக இருந்த கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியது ராஜேந்திர சோழன் காலத்தில். கல்வெட்டில் ஊரின் பெயர் குவளாலம், நாட்டின் பெயர் நிகரிலிச் சோழமண்டலம். அம்மனின் பெயர் என்ன தெரியுமா? பிடாரியார். நம் ஊர் எல்லைப் பிடாரியேதான்! அதே கோயிலில் செல்லம்மா என்றொரு தேவியும் உண்டு. தேள்கடிக்கு வேண்டிக்கொள்வார்கள், காணிக்கையைத் தரையில் உள்ள குழியில் போடுவார்கள்.

சோழர்களுக்கு வெகுகாலம் முன்பே கங்க அரசர்களின் முதல் தலைநகரம் இது. பிறகுதான் அவர்கள் தலைக்காட்டுக்குப் போனார்கள். நன்னூல் படித்தவர்களுக்குக் கங்க குலத்துச் சீயகங்கனைத் தெரியும், பவணந்தி முனிவரை அந்த இலக்கணம் எழுதச் சொன்னவன். அவனும் தன்னைக் 'குவளாலபுர பரமேசுவரன்' என்றே சொல்லிக்கொண்டான். ஊரை ஆண்டதைவிட, குலப்பெருமைக்காகத் தாங்கிய பட்டம் என்றே எனக்குப் படுகிறது.

ஊருக்கு மேற்கே மலையில் அந்தரகங்கை. கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்று விழுகிறது. ஆனால் கீழே வற்றாத ஆறு கிடையாது. பாலாறு இந்தப் பக்கம்தான் பிறக்கிறது. பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். அதனால் விவசாயம் ஏரியை நம்பி, பிறகு ஆழ்துளைக் கிணற்றை நம்பி. 2018 முதல் நம் கோரமங்கலா, சல்லகட்டா பக்கத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஆமாம், நீங்களும் நானும் குளித்த தண்ணீர்தான்! கிணறுகளில் நீர் ஏறியது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, இரண்டு கட்டச் சுத்திகரிப்பு எப்படிப் போதும் என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. சண்டை பிடித்தவர்கள் பக்கம்தான் நான். கோலார் மண்டித் தக்காளிதானே நம் வீட்டு ரசத்தில் கொதிக்கிறது? வணக்கம்.