அழைப்பிதழில் அச்சாகாத பெயர்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அய்யா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் துணைத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரை வழங்கிய நூலகர் அவர்களே! முன்வரிசையில் நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யா இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தும் மாதக் கூட்டத்தை விடாமல் வருகிறவர். அவருக்குத் தனியாக என் வணக்கம். நாட்டியப் பள்ளி மாணவிகளை அழைத்து வந்திருக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கினேன்.

ஸ்பெயின் நாட்டின் ஃபிளமெங்கோ நடனம் பற்றி மூன்று செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். ஒன்று, அதன் வரலாறு. இரண்டு, பல வகைகளில் பன்னிரண்டு எண்ணிக்கையில் ஓடும் அதன் தாளம். மூன்று, அது யாருடைய கலை என்ற கேள்வி.

நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்தக் கலையைப் பெரிதும் வளர்த்தவர்கள் ரோமா மக்கள், ஜிப்சி என்று ஊரார் அழைப்பவர்கள். அவர்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பியவர்கள். அவர்கள் மொழியே அதற்குச் சாட்சி. ஸ்பெயினில் அவர்களை ஹிதானோ என்பார்கள். 1425-ல், இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதியான அராகானின் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோ, புனித யாத்திரை போகிறவர்கள் என்ற மரியாதையோடு, அவர்களில் ஒரு கூட்டத்துக்குத் தன் நாட்டில் தடையில்லாமல் போய்வரக் கடிதம் கொடுத்தார். 1499-ல் வந்த ஆணை வேறு மாதிரி. 60 நாளுக்குள் ஓரிடத்தில் தங்கி, ஒரு எஜமானிடம் வேலைக்குச் சேர வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். மீறினால் நூறு சவுக்கடி. மறுபடி சிக்கினால் காதை அறுப்பார்கள்.

சரி, ஆணையை மதித்துத் தங்கியவர்கள் என்ன ஆனார்கள்? பட்டறை போட்டு, இரும்படித்து, பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் செய்து, தெருவில் நாலு பேர் அறியக் குடியிருந்தார்கள். 1749 ஜூலை 30 அன்று, அரசர் ஆறாம் ஃபெர்டினாண்டின் அமைச்சர் என்செனாதா பிரபு போட்ட திட்டப்படி, படைவீரர்கள் நாடு முழுக்க அவர்களை வளைத்துப் பிடித்தார்கள். முதலில் சிக்கியவர்கள் யார் தெரியுமா? சட்டத்தை மதித்து வீடு கட்டியவர்கள்தான். அவர்களுடைய முகவரிதானே அரசாங்கத்திடம் இருந்தது! 9,000 முதல் 12,000 பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண்களைக் காதிஸ், கார்தஹேனா கப்பல் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். பெண்களையும் சின்னக் குழந்தைகளையும் வேறிடத்தில் அடைத்தார்கள். குடும்பமே உருவாகாதபடி பிரித்து வைத்தால் இனம் தானாக அழியும் என்பதுதான் எண்ணம். கடைசிக் கைதிகள் வெளியே வர 1765 ஆனது.

மார்த்தினேத்தே என்று ஒரு பாட்டு வகை இருக்கிறது. கிட்டார் கிடையாது. பட்டறையில் சம்மட்டி விழும் ஓசையில் பாடுவது. கார்செலேரா என்ற வகை சிறைப்பாட்டு. தென் ஸ்பெயினில், செவில் நகரின் திரியானா பகுதியிலும் ஹெரெஸ், காதிஸ் நகரங்களிலும் இந்தக் குரல்கள் வளர்ந்தபோது அந்தச் சிறைகளின் நினைவு ஆறியிருக்கவில்லை. ஆடுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு காலைத் தட்ட வேண்டும்.

அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாட்டும் ஆட்டமும் காசு கொடுத்துப் பார்க்கிற விடுதிகளுக்கு வந்தன. ஹிதானோ அல்லாத சில்வேரியோ ஃப்ராங்கோனெத்தி பெரும் பாடகர். செவிலில் சொந்தமாகவே அப்படி ஒரு விடுதி நடத்தினார். கலை மேடை ஏறியது. அதை வளர்த்தவர்கள் கூலிக்கு ஆடினார்கள்.

கார்மென் அமாயா என்ற ஹிதானோ நடனக் கலைஞரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பார்சிலோனா கடற்கரையில் சொமொரொஸ்த்ரோ என்ற குடிசைப் பகுதியில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே அப்பாவின் கிட்டாருக்கு மதுக்கடைகளில் ஆடிச் சோறு சம்பாதித்தவர். 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும் லிஸ்பன் வழியாகப் புவெனஸ் ஐரிஸ் போனார். சில வருடங்களில் நியூயார்க். ஆண்கள் அணிகிற இறுக்கமான கால்சட்டையில் இவர் ஆடினால் காலடி துப்பாக்கிச் சூடு போலக் கேட்கும் என்றார்கள்.

இவரைப் பற்றி ஒரு கதை உலகமெல்லாம் சுற்றுகிறது. வால்டார்ஃப் அஸ்டோரியா, நியூயார்க்கின் மிகப் பெரிய ஓட்டல்களில் ஒன்று. அங்கே குடும்பம், குழு என்று பெருங்கூட்டத்தோடு தங்கியிருக்கிறார் கார்மென். தட்டில் சின்னதாக வைத்து மூடிக் கொண்டுவருகிற சாப்பாடு யாருக்கும் பிடிக்கவில்லை. ஒருநாள் எல்லோருக்கும் மத்தி மீன் ஆசை. ஆள் போய் மீன் வாங்கி வந்துவிட்டது. அடுப்புக்கு எங்கே போவது? மெத்தையைத் தூக்கிப் போட்டார்களாம். கட்டிலின் கம்பிச் சுருளை எடுத்தார்களாம். கட்டிலோரத்துச் சின்ன மேசையை உடைத்து விறகாக்கினார்களாம். கம்பிமேல் மீன் வாட, தாழ்வாரம் முழுக்கப் புகையும் மணமும். மேலாளர் ஓடி வந்து கதவைத் தட்டுகிறார். திறந்தால், சாப்பிட வாருங்கள் என்று உபசரித்தார்களாம்!

சிரிக்கிறீர்கள். சொல்பவருக்கு ஒரு வடிவம், கேட்பவருக்கு ஒரு வடிவம் என்று வளர்ந்த கதை. நடந்ததோ இல்லையோ, என் கேள்வி வேறு. அவர் எந்தத் தாளத்தில் எதைப் புதிதாக ஆடினார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. மீன் கதை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உலகம் வியந்த ஒரு கலைஞரைக் காட்டுக்கூட்டமாக நினைவு வைத்துக்கொள்வது இப்படித்தான். 1959-ல் பார்சிலோனாவில் அவர் பெயரில் ஒரு நீரூற்று திறந்தார்கள். அவர் 1963-ல் காலமானார். அவர் பிறந்த குடிசைப் பகுதியில் மிச்சமிருந்த வீடுகளை 1966-ல் இடித்துத் தள்ளினார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி!

அப்போது ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. அதே ஆட்சியில் சுற்றுலா விளம்பரத்தில் ஃபிளமெங்கோப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சிவில் கார்டு என்ற காவல் படையின் 1943 விதிகளோ, ஹிதானோக்களைக் கவனமாகக் கண்காணி, அடையாளச் சீட்டைச் சரிபார், எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரி என்றன. திரியானாவில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்களை நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1977-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஹிதானோ, ஹுவான் தெ தியோஸ் ராமிரெஸ் எரேதியா, சபையில் எழுந்து பேசிய பிறகுதான், 1978-ல், அந்த விதிகள் நீங்கின.

அப்படியானால் இது ஹிதானோக்களுக்கு மட்டும் சொந்தமா? அன்தோனியோ மைரேனா என்ற பெரும் பாடகர் கிட்டத்தட்ட அப்படித்தான் வாதாடினார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. தென் ஸ்பெயினான ஆண்டலூசியாவின் நாட்டுப்பாட்டு இதில் உண்டு. ஆப்பிரிக்கர்களின் பங்கும் உண்டு: செவிலில் பல நூற்றாண்டுகள் ஆப்பிரிக்க அடிமைகள் வாழ்ந்தார்கள், கியூபாவிலிருந்து தாளங்கள் கப்பலேறி வந்தன. இன்று எல்லா மேடையிலும் இருக்கும், கையால் தட்டுகிற கஹோன் என்ற மரப்பெட்டி, பெருவின் கறுப்பின மக்களிடமிருந்து 1970-களில் கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லூசியா கொண்டு வந்தது. இதை விரிவாகப் பேச ஆசைதான், தலைவர் அய்யா கடிகாரத்தைப் பார்க்கிறார். கலந்து பிறந்த கலைதான், ஆனால் கலந்தது என்று சொல்லியே வலி பட்டவர்களின் பெயரை அழிக்கக் கூடாது.

வட இந்திய நடனமான கதக்கின் பிள்ளைதான் ஃபிளமெங்கோ என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் இங்கேயும் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஹிதானோக்கள் சவுக்கடி பட்டபோது கூட நில்லாத நாம், ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று யுனெஸ்கோ 2010-ல் மாலை போட்ட பிறகு ஓடிப்போய் உறவு கொண்டாடுவது நியாயமா?

தாளம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். எனக்கு இன்று முக்கியமானது வேறு. நம் ஊர் விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். சிறப்பு விருந்தினர் பெயர் கொட்டை எழுத்தில், பட்டத்தோடு இருக்கும். கடைசி வரியில் "பறையாட்டக் குழுவினர்", "கரகாட்டக் குழுவினர்" என்று மட்டும் இருக்கும். ஆறு மணி நேரம் வெயிலில் அடித்தவருக்குப் பெயர் இல்லையா? ஆண்டுக்கணக்காக இதைத்தான் சபைக்குச் சபை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடுகிறவர், அடிக்கிறவர், பாடுகிறவர், ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் குருவின் பெயரையும் அச்சிடுங்கள். எந்த மக்களிடமிருந்து வந்த கலை என்பதை அறிவிப்பாளர் ஒரு வரியில் சொல்லட்டும். நாளை இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஃபிளமெங்கோ ஆடினாலும் அந்த அழைப்பிதழில் ஹிதானோ என்ற பெயர் வர வேண்டும்.

துணைத் தலைவர் அம்மா இங்கே இருப்பதால் நேரிலேயே கேட்கிறேன். நகராட்சி நடத்தும் பொங்கல் விழா அழைப்பிதழிலிருந்து இதைத் தொடங்குங்கள். வாசலருகே மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. தலைமையாசிரியர் அய்யா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும், அதனால் தேநீருக்கு முன்பே கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.