ஹபெல் வணிக நிலையம்: இன்றும் வியாபாரம் நடக்கும் பழைய கடை

அனைவருக்கும் வணக்கம். நான் இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள கனாடோ என்னும் சிற்றூரில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரியும் நீண்ட கற்கட்டடம், ஜான் லொரென்சோ ஹபெல் நடத்திய கடை; இந்த வணிகத்தை அவர் 1878இல் வாங்கினார். அதன் அருகில் இருப்பது, சுடாத மண்கல்லால் கட்டப்பட்ட அவருடைய குடும்ப வீடு.

இந்தக் கடையின் வரலாறு ஒரு பெருந்துயருக்குப் பின் தொடங்குகிறது. 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை நியூ மெக்சிகோவுக்குக் கால்நடையாக விரட்டிச் சென்று அடைத்து வைத்தது. 1868இல் ஊர் திரும்பியபோது அவர்களுடைய ஆட்டு மந்தைகளும் தோட்டங்களும் பெரும்பாலும் அழிந்திருந்தன. இத்தகைய கடைகளில் மாவு, காப்பி, சர்க்கரை, துணி ஆகியவற்றைப் பற்று எழுதியும், வெள்ளி நகைகளை அடகு வைத்தும் வாங்கி, கம்பளி கத்தரிக்கும் பருவத்தில் கணக்கைத் தீர்ப்பதே அன்றைய வழக்கம்.

உள்ளே வாருங்கள். உயரமும் அகலமும் கொண்ட இந்த மரமேசைகளுக்கு நடுவில் உள்ள இடத்தில்தான் வாடிக்கையாளர்கள் நின்று, அவசரமின்றிப் பேசிப் பேரம் முடித்தார்கள். என்னை மிகவும் ஈர்த்தவை, நவஹோ பெண்கள் நெய்த கம்பளி விரிப்புகளைப் பார்த்து வரையப்பட்ட சிறு ஓவியங்கள். அவற்றைக் காட்டியே ஹபெல் நெசவாளர்களிடம் தமக்கு வேண்டிய வடிவங்களைக் கேட்டார். ஆழ்ந்த சிவப்புப் பின்புலத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் சேர்ந்த விரிப்பு, இன்று 'கனாடோ சிவப்பு' என்றே அறியப்படுகிறது. வாங்குவோரின் விருப்பத்தை அவர் அறிந்திருந்தார் என்பது உண்மை. ஆயினும் அந்தப் புகழில் பெரும்பங்கு, நிமிர்ந்த தறியின் முன் மாதக்கணக்கில் அமர்ந்து நெய்த பெண்களுக்கே உரியது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

வீட்டின் கூடத்தில் உத்தரங்களுக்கிடையே கூடைகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஓவியர்களும் ஆய்வாளர்களும் இங்கே விருந்தினராகத் தங்கினார்கள்; 1913இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் வந்தார்.

ஹபெல் 1930இல் மறைந்த பின்னும் குடும்பத்தினர் கடையை நடத்தினர். 1967இல் இது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்புக்கு வந்தது. அத்துறை இதைப் பூட்டிய அருங்காட்சியகமாக்காமல், வியாபாரம் நடக்கும் கடையாகவே காத்து வருவது பாராட்டத்தக்கது. விரிப்பு அறையில் நவஹோ நெசவாளர்களின் புதிய விரிப்புகள் இன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. வாருங்கள், அவற்றை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம்.